தடித்த பக்கம் மேலே

குச்சியக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கோபம் வருகிறது. அவள் மேல் இல்லை. விஷயம் தெரிந்தும் இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தவர்கள் மேல். அந்தப் பட்டியலில் முதல் ஆள் நான்தான் என்பதால் கொஞ்சம் அடக்கிக்கொண்டே எழுதுகிறேன்.

எங்களுடையது கிழங்கு ஆராய்ச்சி நிலையம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், முள்வேலிக்குள்ளே நூற்றிருபது ஏக்கர். மழை பொய்த்து, தானியமும் கைவிட்டால், ஜனங்கள் பட்டினி கிடக்காமல் இருக்க எந்தக் கிழங்கு கைகொடுக்கும் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. எங்கள் வேலை என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, நான் செய்தது டைப் அடிப்பது. டாக்டர்கள் எழுதிக் கொடுப்பதை அடித்து, பிழை திருத்தி, மறுபடி அடித்து, கையெழுத்து வாங்கிக் கோப்பில் போடுவது. இருபத்தாறு வருஷம் அதைத்தான் செய்தேன். சேனைக்கிழங்கைப் பற்றி மட்டும் நான் அடித்த பக்கங்களை அடுக்கினால் என் இடுப்பு உயரம் வரும்.

அக்காவின் புருஷனிலிருந்து தொடங்கினால்தான் சரியாக இருக்கும். மரவள்ளிக்கு யாரும் விதை போடுவதில்லை. முற்றிய தண்டைத் துண்டு துண்டாக வெட்டி, அந்தக் குச்சியை மண்ணில் செருக வேண்டும். ஒரு சாண் நீளம் இருந்தால் போதும். அவர் எங்கள் கொட்டகையில் குச்சி வெட்டுகிறவர். அளக்கவே மாட்டார். பேசிக்கொண்டே வெட்டுவார், ஒவ்வொன்றும் ஒரு சாண் இருக்கும். ஒருமுறை பண்ணை மேலாளர் நூறு குச்சியை எடுத்து அளந்து பார்த்துவிட்டுத் தன் அளவுகோலில்தான் ஏதோ கோளாறு என்றார். அன்றிலிருந்து அவருக்கு 'அளவுகோல்' என்றே பெயர். அந்தப் பெயரைக் கேட்டால் அவர் மீசைக்கு அடியில் ஒரு சிரிப்பு வரும். வேறு எந்தப் பட்டமும் யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை.

அப்போதுதான் மாவு டாக்டர் வந்தார். மாவு டாக்டர் என்பது நாங்கள் வைத்த பெயர். கிழங்கிலுள்ள மாவுச்சத்தைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவர். கிழங்கு மாவாகி, சல்லடையில் விழுந்து, கண்ணாடிக் குழாய்க்குள் போன பிறகு அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதற்கு முன்னால் அது செடியாக நிற்கும்போது அவருக்கும் அதற்கும் அறிமுகமே இல்லை. ஆனால் வந்த ஆறாவது மாதமே அவரிடம் ஒரு பெரிய வயலை ஒப்படைத்தார்கள். வறட்சியைத் தாங்கும் என்று எதிர்பார்த்த இருபது புது மரவள்ளி ரகங்கள். மூன்று வருஷம் ஒட்டுச் சேர்த்து, பொறுக்கி, காப்பாற்றி வைத்தவை.

நடுவதற்கு வெளியிலிருந்து கூலிப் பெண்கள் வருவார்கள். அவர்கள் தப்பாக நட்டுவிடக் கூடாது என்று டாக்டர் ஒரு முறை கண்டுபிடித்தார். குச்சியின் மேல்முனையில் சிவப்புப் பெயிண்ட் தொட்டுவிட வேண்டும். சிவப்பு மேலே தெரிகிற மாதிரி நட்டால் முடிந்தது. நல்ல யோசனைதான். அவர் எதை மேல்முனை என்று நினைத்தார் என்பதுதான் பிரச்சினை.

அன்று நான் ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கக் கொட்டகைக்குப் போயிருந்தேன். டாக்டர் கையில் ஒரு குச்சி. எதிரே அளவுகோல், பெயிண்ட் டப்பாவோடு.

"தடிச்ச பக்கத்துல தொடு. நடும்போது அதுதான் மேல வரணும்" என்றார் டாக்டர்.

"சார், தடிச்சது அடிப்பக்கம். அதை மேல வெச்சா குச்சி தலைகீழாப் போயிடும்."

"தடிச்ச பக்கத்துலதான்யா மாவுச்சத்து இருக்கு. சத்து எங்க இருக்கோ அங்கதானே முளை நல்லா வரும்?"

"இல்ல சார். இலை விழுந்த தழும்பு இருக்கு பாருங்க, அதுக்கு மேலதான் முளைக்கண்ணு உக்காந்திருக்கும். அதை வெச்சுத்தான்..."

"நீ எத்தனாவது படிச்சிருக்க?"

அளவுகோல் டப்பாவைக் கீழே வைத்தார்.

"அப்ப சொன்னதைச் செய்" என்று சொல்லிவிட்டு, டாக்டர் என் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அளவுகோல் குனிந்து பெயிண்ட் டப்பாவைத் திறந்தார்.

தலைகீழாக நட்டாலும் மரவள்ளி உடனே செத்துவிடாது. அதுதான் அதன் நல்ல குணம். தாமதமாக முளைக்கும், முளைத்தது வளைந்து நெளிந்து மேலே ஏறப் பார்க்கும், பாதி அழுகும், மீதி நோஞ்சானாக நிற்கும். அந்த வயல் அப்படித்தான் நின்றது. எந்த ரகம் வறட்சியைத் தாங்கும் என்று அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நிலையத்தின் அன்றைய தலைவர் வந்து நாலு செடியைப் பிடுங்கிப் பார்த்தார். எல்லாம் தலைகீழ். பெயிண்ட் அடித்தது யார் என்று கேட்டார். மாவு டாக்டர், "நான் மேல்முனையைத்தான் காட்டினேன். அந்த ஆள் அடியில் தொட்டுட்டான்" என்றார். சத்தியமாக அப்படியே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். தான் காட்டியது எதுவோ அதுதான் மேல்முனை என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள். "நீ அன்னைக்கு அங்க போனியாமே, ஏதாவது கேட்டியா?"

எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஐந்து மாதம் இருந்தது. "இல்ல சார். கையெழுத்து வாங்கிட்டு வந்துட்டேன்" என்றேன்.

அளவுகோலை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆண்டறிக்கையின் நாற்பத்தேழாம் பக்கத்தில் கீழிருந்து நாலாவது வரி: 'குச்சி வெட்டும் தொழிலாளியின் கவனக்குறைவால் நாற்றுக்குச்சிகள் தலைகீழாக நடப்பட்டு இவ்வாய்வு பயனற்றுப் போனது.' அதை அடித்ததும் நான்தான். ஒரு பிழைகூட இல்லாமல் அடித்தேன்.

நிலையத்தில் குச்சி வெட்டுகிறவர் ஒரே ஒருவர். ஆகவே யார் என்று யாரும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே வாரத்தில் அளவுகோல் என்ற பெயர் போய் 'தலைகீழ்' என்றாகிவிட்டது. கூட வேலை பார்த்தவர்களே அப்படிக் கூப்பிட்டார்கள். மரக்கடையில் மூட்டை தூக்கப் போனார். அங்கேயும் அந்தப் பெயர் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. மகளுக்கு வந்த முதல் வரன், "பொண்ணோட அப்பாவை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களாமே" என்று சொல்லி நழுவியது.

அவரை நீக்கிய அடுத்த மாதம், அதே கொட்டகைக்குத் தினக்கூலியாக வந்து நின்றாள் அவர் மனைவி. பெயர் குச்சியக்கா என்றாலும் ஆள் குச்சி இல்லை. நல்ல கனத்த உடம்பு, கனத்த குரல். எங்களுக்கெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. எப்படி அக்கா உனக்கு இங்கே கால் வைக்க மனசு வந்தது என்று களையெடுக்கிற பெண் ஒருத்தி கேட்டே விட்டாள்.

"அந்த டாக்டர் இங்கதானே இருக்கான். நான் வேற எங்க போறது?" என்றாள் அக்கா.

ஆனால் எட்டு மாதத்தில் மாவு டாக்டர் தலைமையகத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அக்கா போகவில்லை. பதின்மூன்று வருஷம் இருந்தாள். குச்சி வெட்டக் கற்றாள், ரகம் பிரிக்கக் கற்றாள், இலைக்காம்பின் நிறத்தைப் பார்த்தே ரகத்தின் எண்ணைச் சொல்லக் கற்றாள். கொட்டகைக்கே பொறுப்பாளி ஆனாள். என்னை மட்டும் 'டைப்பம்மா' என்று கூப்பிடுவாள். மற்றவர்களை வாடி போடி என்பவள், என்னிடம் மட்டும் வாங்க, போங்க. நான் அன்று கொட்டகையில் இருந்ததைப் புருஷன் அவளிடம் சொல்லித்தான் இருப்பார்; அந்த மரியாதை எனக்கு முள்ளாகக் குத்தும்.

வாரம் ஒருமுறை நூலகத்தைப் பெருக்குகிற வேலையையும் அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் அந்த ஆண்டறிக்கையை எடுப்பாள், நாற்பத்தேழாம் பக்கத்தைப் பிரிப்பாள், நாலாவது வரிமேல் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படிப்பாள். பிறகு மூடி வைத்துவிட்டுப் பெருக்குவாள். ஜன்னல் வழியாக இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

ஒன்பதாவது வருஷம் அவள் புருஷன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டு வாசலில் நின்று எங்கள் டிரைவர் யாரிடமோ, "நம்ம தலைகீழ் போயிட்டாருப்பா" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அந்தப் பெயர்தான் பழகிவிட்டது. அக்கா உள்ளேயிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அழுகை அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவள் அழுது நான் பார்க்கவில்லை.

பதின்மூன்றாவது வருஷம் மாவு டாக்டர் தலைவராகத் திரும்பி வந்தார். காரிலிருந்து இறங்கி வரிசையாக நின்ற எல்லோருக்கும் வணக்கம் சொன்னார், அக்காவுக்கும் சேர்த்து. அவள் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

வந்த கையோடு ஒரு பெரிய வேலை. வறண்ட பகுதி ஒன்றில் மூன்று வருஷமாகச் சோளம் கருகிப்போய் அறுபது குடும்பங்கள் திண்டாடிக்கொண்டிருந்தன. அவர்களுக்கு மரவள்ளி கொடுப்பது என்று முடிவாயிற்று. குடும்பத்துக்கு ஐநூறு, ஆக முப்பதாயிரம் குச்சி. அவர்கள் மரவள்ளியைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்கள். அதனால் டாக்டர் தன் பழைய சிவப்பு முறையைத் தூசி தட்டி எடுத்தார்.

அக்கா அவர் அறைக்கு வந்து கைகட்டி நின்றாள். நானும் அங்கே இருந்தேன்.

"சார், எங்களுக்கு வாயால சொன்னா மறந்துடும். ஒரு காகிதத்துல படம் போட்டுக் குடுத்துடுங்க. கொட்டகையில ஒட்டி வெச்சுக்கிறோம்."

டாக்டருக்குச் சந்தோஷம். படிக்காதவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வது அவருக்குப் பெருமை. ஒரு குச்சி வரைந்தார். ஒரு முனை தடிப்பு, ஒரு முனை மெலிவு. தடித்த முனையில் சிவப்புப் பென்சிலால் தீட்டி, 'இப்பக்கம் மேலே' என்று எழுதி, கீழே கையெழுத்து, தேதி. நான் நிலைய முத்திரை குத்தி எண் போட்டு, ஒன்றைக் கொட்டகைக்குக் கொடுத்து, இன்னொன்றைக் கோப்பில் வைத்தேன்.

மத்தியானம் கொட்டகைக்கு ஓடினேன். அக்கா தன் ஆட்களோடு உட்கார்ந்து, தடித்த முனைகளைப் பெயிண்டில் முக்கி முக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவர் மறுபடியும் அதையே..."

"தெரியும்."

"சொல்ல வேணாமா?"

"என் வீட்டுக்காரரு சொன்னாரே. என்ன ஆச்சு?" குச்சியை டப்பாவில் முக்கினாள். "முப்பதாயிரமும் மண்ணுக்குள்ள போகட்டும் டைப்பம்மா. அவன் மானம் போறதை ஊரே பாக்கட்டும். நீங்க சும்மா இருங்க. அதுதான் உங்களுக்கு நல்லா வருமே."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் பொய் சொல்வானேன், உள்ளுக்குள்ளே ஆசையாகவும் இருந்தது. அந்த மனிதர் மண்ணைக் கவ்வுவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் பதின்மூன்று வருஷத்துத் தாகம். வாயை மூடிக்கொண்டு என் மேஜைக்கு வந்தேன். முதல் நாளில் ஆறாயிரம் குச்சிக்குத் தப்பான பக்கத்தில் பெயிண்ட் ஏறியது.

மறுநாள் அந்த அறுபது குடும்பங்களின் சார்பில் ஒரு பெண் வந்தாள். லாரி எப்போது வரும் என்று கேட்டுப் போக வந்தவள். முப்பது வயதிருக்கும், வெயிலில் காய்ந்த முகம், காலில் ஒரே அளவில்லாத இரண்டு செருப்பு. அக்காவிடம் ஒரு குச்சியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சோளம்னா எனக்குத் தூக்கத்துலயும் தெரியும்க்கா. இது எப்படி நடணும்?"

"சிவப்பு மேல" என்றாள் அக்கா.

"சிவப்பு மேல. சிவப்பு மேல." அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கூடையில் கிடந்த ஒரு கிழங்கை எடுத்து, புடவையில் துடைத்து, அப்படியே பச்சையாகக் கடித்தாள்.

அக்கா பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டாள். "துப்பு. துப்புடி முதல்ல. பச்சையாத் தின்னா விஷம். தோலை உரிச்சு நல்லா வேக வெச்சுத்தான் திங்கணும். யாரும் சொல்லலையா உங்களுக்கு?"

"யாரும் ஒன்னும் சொல்லலக்கா" என்று அந்தப் பெண் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொன்னா அப்படியே செஞ்சுடுவோம்."

அவள் போன பிறகு அக்கா கொஞ்ச நேரம் பெயிண்ட் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை எட்டி உதைத்தாள். தரையெல்லாம் சிவப்பு.

"அந்த நாயைப் பழி வாங்க இவ வயித்துல நான் ஏன் கல்லைப் போடணும்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். "எல்லாரும் கத்தியை எடுங்கடி. பெயிண்ட் பட்ட முனையை ஒரு விரல் அளவுக்கு நறுக்கித் தள்ளுங்க. மெல்லிசுப் பக்கம் தொடுங்க."

ஆறாயிரமும் மறுபடி நறுக்கப்பட்டது. எல்லாக் குச்சியும் ஒரு சாணுக்கு ஒரு விரல் குறைவு. அளவுகோல் இருந்திருந்தால் திட்டியிருப்பார். பன்னிரண்டு பெண்களும் நாலு நாள் உணவு இடைவேளையில்கூட எழுந்திருக்கவில்லை. முப்பதாயிரமும் சரியான பக்கத்துச் சிவப்போடு லாரி ஏறிப் போயிற்று.

ஆனால் அக்கா திருந்திவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். இருநூறு குச்சியைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். அவற்றில் டாக்டரின் படத்தில் இருந்த மாதிரியே, அச்சு அசலாக, தடித்த முனையில் சிவப்பு. அந்த இருநூறும் அலுவலக வாசலில், கார் நிற்கிற இடத்துக்கு எதிரே, டாக்டரின் பெயர்ப் பலகை வைத்த காட்சி வயலுக்கு. நடவு அன்று தலைமையகத்திலிருந்து மேலதிகாரி அம்மா வந்திருந்தார். டாக்டர் முதல் குச்சியைத் தானே நட்டார், சிவப்பு மேலே. போட்டோ எடுத்தார்கள். எங்கள் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு ஏதோ வெட்கம் என்று அந்த அம்மா நினைத்திருப்பார்.

மூன்று மாதம். வறண்ட பகுதியிலிருந்து கடிதம் வந்தது. செடி இடுப்பளவு வந்துவிட்டதாம், ஆடு மாடு வராமல் முறை வைத்துக் காவல் இருக்கிறார்களாம். எங்கள் அலுவலக வாசலிலோ பாதிக் குச்சிக்கு மேல் அழுகிவிட்டது. மீதி, கூனிக் குறுகி, முழங்கால்கூட வராமல் நின்றது. தினமும் காரிலிருந்து இறங்கும்போது டாக்டர் அதைப் பார்ப்பார். தண்ணீர் ஊற்றச் சொன்னார், உரம் போடச் சொன்னார், மண்ணைச் சோதிக்கச் சொன்னார். மேலதிகாரி அம்மா மறுபடி வருகிறார் என்று தகவல் வந்ததும், பண்ணை மேலாளரை விட்டு ஒரு செடியைப் பிடுங்கச் சொன்னார். மேலாளர் பார்த்துவிட்டு, "தலைகீழா நட்டிருக்கு சார்" என்றார்.

அரை மணி நேரத்தில் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். அக்காவுக்குக் குற்றச்சாட்டு. 'கொட்டகைப் பொறுப்பாளியின் கவனக்குறைவால் நாற்றுக்குச்சிகள் தலைகீழாக...'

அதே வரி. பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு ஆளை மட்டும் மாற்றி, அதே வார்த்தைகள்.

"சார், ஒருவேளை உங்க படத்தைப் பாத்து..."

"அடிங்கம்மா."

அடித்தேன். அவ்வளவு ஆனந்தமாக நான் எதையும் அடித்ததில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்ட அக்கா அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'தலைகீழாக' என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள். "வலைக்குள்ள வந்துட்டான்" என்றாள்.

விசாரணை காட்சி வயலிலேயே நடந்தது. அக்கா கேட்டுக்கொண்டது அது ஒன்றைத்தான். மேலதிகாரி அம்மா, டாக்டர், மேலாளர், நான், சுற்றிலும் பன்னிரண்டு பெண்கள். டாக்டர் கணீரென்று பேசினார். மேல்முனையில் தொடச் சொன்னேன், படம்கூடப் போட்டுக் கொடுத்தேன், அப்படியும் இந்தம்மா அலட்சியம் செய்துவிட்டாள் என்றார்.

"படம் எங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

அக்கா கொட்டகைச் சுவரிலிருந்து உரித்த காகிதத்தை நீட்டினாள். நான் கோப்பிலிருந்ததை நீட்டினேன். இரண்டிலும் தடித்த முனையில் சிவப்பு, கையெழுத்து, முத்திரை. மேலதிகாரி அம்மா கீழே உட்கார்ந்து ஒரு செடியைப் பிடுங்கினார். அந்த அம்மாவுக்குச் செடி தெரியும். தழும்பைத் தடவினார், முளைக்கண்ணைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"படத்துல இருக்குற மாதிரிதான் நட்டிருக்காங்க டாக்டர்."

"அதேதான், தடிச்ச பக்கம் மேல. அங்கதானே மாவுச்சத்து..." என்று டாக்டர் ஆரம்பித்தார். முழுசாகச் சொன்னார். சத்து எங்கே இருக்கிறதோ அங்கே முளை வலுவாக வரும் என்று, பன்னிரண்டு நடவுக்காரிகளுக்கு நடுவில் நின்று, கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். முதலில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் அடக்க முடியாமல் எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி சிரித்து முடியாமல் வரப்பில் உட்கார்ந்தே விட்டாள்.

"டாக்டர், நீங்க எப்பவாவது ஒரு குச்சி நட்டு, அது முளைக்கிறதைப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

டாக்டர் முகத்தில் ரத்தம் ஏறியது, பிறகு சுத்தமாக இறங்கியது. அந்த முகத்தை நான் நன்றாக, ஆசை தீரப் பார்த்தேன். நான் ஒன்றும் நல்லவள் இல்லை.

"அம்மா, இது ரெண்டாவது தடவை" என்றாள் அக்கா. ஆண்டறிக்கையை நாற்பத்தேழாம் பக்கத்தில் பிரித்து நீட்டினாள். "இதுல இருக்குறது என் வீட்டுக்காரரு. அவரும் இவரு சொன்ன மாதிரிதான் செஞ்சாரு. அப்ப காகிதம் இல்ல. சாட்சி மட்டும் இருந்துச்சு."

என்னைத் திரும்பிப் பார்த்தாள். பதின்மூன்று வருஷம் சொல்லாமல் வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. கொட்டகையில் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். என் மூக்கில் ஒழுகியதைத் துடைக்கக்கூட மறந்து சொன்னேன்.

இனி நடந்ததைச் சொன்னால் உங்களுக்கும் கோபம் வரும். டாக்டரின் வேலை போகவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு வேலை போகாது. அவரை எச்சரித்து ஒரு கடிதம், அவ்வளவுதான். அக்காவுக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. முப்பதாயிரம் குச்சிக்குத் தலைவரின் எழுத்துபூர்வமான உத்தரவை மீறிச் சரியான பக்கத்தில் பெயிண்ட் அடித்ததற்காக. அதையும் நான்தான் அடித்தேன். அக்கா அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

உனக்கு என்ன வேண்டும் என்று மேலதிகாரி அம்மா கேட்டபோது அக்கா சொன்னது ஒன்றுதான். "அந்த வரி போகணும்மா." அச்சான அறிக்கையை மாற்ற முடியாது, திருத்தச் சீட்டு ஒட்டலாம் என்றார்கள். எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்று எண்ணினோம். நூலகத்திலும் கிடங்கிலுமாக நூற்று நாற்பது. ஒவ்வொரு சீட்டிலும் தலைவர் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவாயிற்று.

வாசகத்தை மேலதிகாரி அம்மாவே எழுதிக் கொடுத்தார்: 'இவ்வாய்வு பயனற்றுப் போனது தொழிலாளியின் கவனக்குறைவால் அன்று, எனது தவறான உத்தரவினால்.'

"கார்பன் வெச்சு அஞ்சு அஞ்சா அடிச்சிடட்டுமா அக்கா?" என்று கேட்டேன்.

"கார்பன் வேணாம் டைப்பம்மா. ஒவ்வொன்னா அடிங்க."

ஏன் என்று நான் கேட்கவில்லை. மூன்று நாள், நூற்று நாற்பது தடவை, ஒவ்வொன்றாக அடித்தேன். விரல் முட்டியெல்லாம் வீங்கிப்போயிற்று. அவள் என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டையும் வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்து, அடுக்கினாள். ஒன்றில் 'எனது' என்பதில் மை மங்கியிருந்தது. அதைக் கிழித்துவிட்டு மறுபடி அடிக்கச் சொன்னாள்.

நாலாம் நாள் காலை, சீட்டுகளைக் கட்டி எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குள் போனாள். நானும் கூடப் போனேன். டாக்டர், "வெச்சுட்டுப் போங்க, சாயங்காலத்துக்குள்ள போட்டு அனுப்புறேன்" என்றார்.

"பரவால்ல சார். நிக்கிறேன்" என்றாள் அக்கா.

அவர் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். ஒவ்வொரு சீட்டாக அவள் முன்னால் வைப்பாள், அவர் போடுவார், அவள் எடுப்பாள், அடுத்ததை வைப்பாள். மின்விசிறியில் சீட்டு பறக்காமல் இருக்க இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்த விரல்களில் மரவள்ளிப் பால் கறை இருந்தது. இருபது, முப்பது, நாற்பது. எழுபதாவது சீட்டில் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துக் கையை உதறினார். அறைக்கு வெளியே குமாஸ்தாக்கள் கதவுப் பக்கம் வந்துவிட்டுப் போனார்கள்.

"அம்மா" என்றார் அவர், அடங்கிய குரலில். "நான் வேணும்னு செய்யல. உண்மையைச் சொல்றேன், உங்க வீட்டுக்காரர் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்ல."

அக்கா அடுத்த சீட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"தெரியும் சார். அதனாலதான் நிக்கிறேன். என் முகமாவது ஞாபகம் இருக்கட்டும்."

அவர் பேனாவை எடுத்தார். மீதி எழுபதையும் நிமிராமல் போட்டு முடித்தார்.